நரம்பிழை தன் இடத்தை எப்படிக் கண்டடைகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மூளையில் எந்தச் செல் எதனுடன் இணைய வேண்டும் என்பதைச் செல்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் தீர்மானிப்பதாக எழுதியிருந்தீர்கள். நமக்கு இருப்பவை சுமார் 20,000 மரபணுக்கள். நரம்பு செல்களோ ஏறத்தாழ 8,600 கோடி. கணக்கு உதைக்கிறதே! எங்கள் வயல்களில் வாட்டம் கண்ட பக்கம் தண்ணீர் ஓடுவதைப்போல நரம்பு செல்களிலிருந்து நீளும் நரம்பிழைகளும் எங்கும் பரவி, பின்னர் பழக்கத்தால் சீர்படுகின்றன என்று கொள்ளலாகாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நீடாமங்கலம்

அன்புள்ள ஐயா,

ஏறத்தாழ இதே கருத்துதான் 1930களில் செல்வாக்குடன் இருந்தது. அதை வலியுறுத்திய உயிரியலாளர் பால் வெய்ஸின் மாணவர் ரோஜர் ஸ்பெரியே அதைத் தகர்த்தார். அவர் தவளையின் பார்வை நரம்பைத் துண்டித்து, கண்ணையும் தலைகீழாகத் திருப்பிவைத்தார். நரம்பு மீண்டும் வளர்ந்து பார்வை திரும்பியபின், மேலே ஈயைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. அந்தப் பிழை கடைசிவரை திருந்தவே இல்லை. பழக்கம் என்ன சொன்னாலும், ஒவ்வோர் இழையும் மூளையில் தன் பழைய இடத்தையே தேடிப் பிடித்திருந்தது.

கணக்கு உதைப்பது, செல்லுக்கொரு புரதம் வேண்டும் என்று கொள்வதால்தான். உண்மையில் நீங்கள் சொல்லும் வாட்டம் இங்கும் உண்டு. ஆனால் அது புரத அளவின் வாட்டம். 1963இல் ஸ்பெரி ஊகித்த இதற்கு, 1995இல் கோழிக்கருவில் விழித்திரை இழைகள் சென்றுசேரும் நடுமூளையில் எஃப்ரின் புரதங்கள் சான்றாயின. அவை முன்புறம் குறைவாகவும் பின்புறம் மிகுதியாகவும் இருக்கின்றன. அவற்றை உணரும் ஏற்பிகளை நிறையத் தாங்கிவரும் விழித்திரை இழைகள் விலக்கப்பட்டு முன்புறமே நின்றுவிட, குறைவாகத் தாங்கியவை பின்புறம்வரை செல்கின்றன. ஒரு புரதத்தின் அளவே இப்படிப் பல இடங்களைக் குறித்துவிடுகிறது.

பழ ஈயின் டிஸ்காம்1 என்ற ஒரே மரபணு, தன் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து 38,016 புரத வடிவங்களைத் தரக்கூடியது. ஆனால் இந்த எண்ணைக் கண்டு, அத்தனையும் இணையைத் தேடுவதற்கு என்று மயங்கவேண்டாம்; ஒரே வடிவம் தன்னையே சந்திக்கும்போது கிளைகள் விலகிக்கொள்கின்றன, அதனால் ஒரு செல் தன் கிளைகளோடு தானே சிக்கிக்கொள்வதில்லை.

சந்தித்த இழைகள் இணைப்பாக மாறுவதற்கும் புரதங்கள் வேண்டும். நரம்பு செல்லே அல்லாத ஒன்றை நியூரோலிஜின் என்ற புரதத்தைத் தாங்கச் செய்து வளர்ப்புத் தட்டில் வைத்தால், அருகிலுள்ள நரம்பிழை அதன்மேலும் இணைப்பு முனையை அமைத்துவிடுகிறது. பழக்கத்துக்கு நீங்கள் தரும் இடமும் இதற்குப் பின்னர்தான் வருகிறது: இப்படி உருவான இணைப்புகளில் எவை வலுப்பெறும், எவை கழியும் என்பதில் செல்களின் மின்செயல்பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.