நடன வரலாறு படிக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்து வயதிலிருந்து பரதம் பயின்றவள் நான். முழங்கால் காயத்துக்குப் பிறகு மேடையேற இயலவில்லை. கடலூரில் குழந்தைகளுக்கு அடவு (பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவுகள்) சொல்லிக்கொடுக்கிறேன். நடன வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ஆட முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் அது என்கிறார்கள் வீட்டில். தங்கள் கருத்து என்ன?

க., கடலூர்

அன்புள்ள க.,

வேலை கிடைப்பது அரிது என்று வீட்டில் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். நடனத் துறை உள்ள கல்லூரிகள் குறைவு. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தவறு. சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திரத்தின் கரணங்கள், அதாவது கையும் காலும் இணைந்த ஆடல் அலகுகள், செதுக்கப்பட்டுள்ளன. சிற்பி காட்டுவது ஒரு கணத்தைத்தான். அதற்கு முன்னும் பின்னும் கால் எங்கே இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுவது ஆடிப் பழகிய உடலுக்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற பத்மா சுப்ரமணியம், கரணம் என்பது உறைந்த நிலை அல்ல, அசைவே என்று வாதிட முடிந்ததும் அவர் ஆடுபவர் என்பதால்தான்.

நீங்கள் கடலூர்க்காரர் என்பதால் ஒரு தலைப்பையும் சொல்கிறேன். 1838-இல் உங்கள் ஊரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசியர் ஐவர், இசைக்கலைஞர்களுடன் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிச் சென்று பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். பிரெஞ்சுக் கவிஞர் கோத்தியே அவர்களில் அம்மணியை வியந்து எழுதினார். பார் என்னும் சிற்பி அவரை வெண்கலத்தில் வடித்தார். மற்றவர்களுள் மூவரின் பெயர்களோ பிரெஞ்சு ஏடுகளில் ‘ரம்கூன்’, ‘சவுந்திரூன்’, ‘வெய்தூன்’ என்று உருமாறிக் கிடக்கின்றன. ரங்கம், சௌந்தரம், வேதம் என்று தமிழ்க்காது உடனே ஊகித்துவிடும். அந்த ஊகத்தை மெய்ப்பிக்கக் கோயில் ஆவணங்களையும் பிரெஞ்சு இதழ்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். அவர்கள் ஆடியவற்றுள் ‘மலாப்பூ’ என்று அச்சாகியிருப்பது எந்த உருப்படி என்ற கேள்விக்கோ, பரதக் கச்சேரியின் தொடக்க உருப்படியான அலாரிப்பிலிருந்து நிறைவில் வரும் தில்லானா வரை உடம்பில் பதிந்தவர்தான் விடை தேட முடியும். (சிவதாண்டவத்தில் தொடங்கி முதல் நூறு பக்கத்தைப் புராணத்திலேயே செலவிடும் ஆய்வேடுகளைப் படித்துச் சலித்தவன் நான். அந்த வழியில் போகாதீர்கள்.)

வகுப்பை நிறுத்த வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் குழந்தைக்குத் தட்டடவை முதலிலிருந்து விளக்குகிறவருக்கு, பழைய ஆசிரியர்கள் எதை வாய்மொழியாக மட்டுமே கடத்தினார்கள் என்பது புரியத் தொடங்கும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன் ஓராண்டு பிரெஞ்சு படியுங்கள். புதுச்சேரி உங்களுக்குப் பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கோயில் நிழற்படத் தொகுப்பையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.