விமானப் பயம்: மெய்நிகர்க் கண்ணாடி உதவுமா?

சுன்னாகத்திலிருந்து எழுதியுள்ள ஐம்பத்தெட்டு வயதுத் தாயார் ஒருவர், மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடா செல்லப் புறப்பட்டு, கட்டுநாயக்காவில் விமானக் கதவடிவரை போய்த் திரும்பிவிட்டதாகவும், மருமகன் அனுப்பிய மெய்நிகர்க் கண்ணாடியை (விமானத்துக்குள் இருப்பதுபோன்ற கணினிக் காட்சியைக் கண்முன் காட்டும் VR கருவி) வீட்டில் மாட்டிப் பழகினால் பயம் தெளியுமா என்றும் கேட்கிறார்.

தெளியும். ஆனால், கண்ணாடி தனியாக அதைச் செய்யாது. கதவடியில் திரும்பியபோது கிடைத்த ஆறுதல்தான், 'தப்பிவிட்டேன்' என்று உங்கள் மூளைக்குப் பாடம் சொல்லிப் பயத்தை வளர்த்தது. அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை அந்தப் பாடத்தை மாற்றுகிறது. விமானப் பயத்துக்கு மெய்நிகர் முறை பொருந்துவதற்குக் காரணம் எளிது: உண்மையில் ஒருமுறைதான் நிகழும் புறப்பாட்டை, கதிரையில் இருந்தபடியே பத்துமுறை நிகழ்த்தலாம். அமெரிக்க உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு பழகியவர்களும் விமானநிலையத்துக்கே சென்று பழகியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர்.

பழகும்போது பதகளிப்புக்கு 0 முதல் 100 வரை புள்ளியிடச் சொல்வார்கள். கதவு சாத்தும் ஓசை கேட்டதும் நீங்கள் 80 என்பீர்கள். நெஞ்சு படபடக்கும், விரல்கள் கதிரைப் பிடியை இறுக்கும். அந்த நொடியில் கண்ணாடியைக் கழற்றினால் கட்டுநாயக்காவில் செய்ததையே மறுபடி செய்கிறீர்கள். அதனால்தான், முதல் சில அமர்வுகளிலாவது பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருக்கவேண்டும் என்கிறேன். 'மூச்சு நின்றுவிடும்' என்று எதிர்பார்த்தீர்களானால், அது நின்றதா என்பதைப் பின்னர் அவருடன் பேசிப் பாருங்கள். தேவாரம் சொல்வதை நான் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான் ஒளிந்துகொள்ளல். பழகுவதற்கு முன் நீங்களாக அமைதி மாத்திரை போடவேண்டாம். வைத்தியர் ஏற்கெனவே தந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வலிப்பு இருந்தாலோ, நயினாதீவுப் படகிலேயே தலைசுற்றி வாந்தி வருபவராக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணாடியும் சிலருக்குக் குமட்டல் தரும்.

குடும்ப வைத்தியரிடம் கடிதம் பெற்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் உளமருத்துவக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கு கருவி இல்லாவிட்டாலும் சிகிச்சை முறை ஒன்றே. உங்கள் கண்ணாடியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுப் பாருங்கள். செலவும் விசாவும் இடங்கொடுத்தால், கனடாவுக்கு முன் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒருமுறை பறந்துவிடுங்கள். யன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.