ஒரு ராத்திரிக்கு ஒரு மேடை போதும்

கேள்வி: என் கணவர் டி.வி. காமெடி நிகழ்ச்சிகளில் மிமிக்ரி செய்பவர். வயது 44. ஆறு மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். பங்குனி, சித்திரைத் திருவிழா மேடைகளுக்கு இப்போதே கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்றால், "வீட்டில் உட்கார்ந்தால்தான் செத்துப்போவேன்" என்கிறார். தடுக்கவா, விடவா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தடுக்காதீர்கள் சகோதரி. ஆனால் பழைய ஓட்டம் ஓடவும் விடாதீர்கள்.

எரிக் மோர்கம் என்று இங்கிலாந்தில் ஒரு டி.வி. காமெடியன். எர்னி வைஸோடு ஜோடி சேர்ந்து கலக்கியவர். ஒரு நாளைக்கு 60 சிகரெட் ஊதுவார். 1968 நவம்பரில், 42 வயதில், பாட்லி என்ற ஊரில் மேடையை முடித்துவிட்டு நடுராத்திரியில் தனியாகக் கார் ஓட்டிப் போகும்போது நெஞ்சுவலி. லீட்ஸ் தெருவில் நடந்துபோன, முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

பல மாதம் ஓய்வெடுத்துவிட்டு, அடுத்த வருடம் பிபிசிக்குத் திரும்பினார். அந்த ஜோடியின் பேர்போன நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவைதான். 1977 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை இரண்டு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். 1979இல் மறுபடி அட்டாக், பைபாஸ். 1984 மே மாதம் ட்யூக்ஸ்பரியில் ஒரு மேடை. புரோகிராம் முடிந்தும் கைதட்டலுக்காகத் திரும்பத் திரும்ப ஓடி வந்தவர், உள்ளே போனதும் விழுந்தார். 58 வயது.

உங்கள் கணவர் ஒரே ராத்திரியில் மணப்பாறையில் ஒன்று, துறையூரில் ஒன்று என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. விடியற்காலையில் அவரே வண்டி ஓட்டி வரவும் கூடாது. தேதி கொடுக்கும் டைரி உங்களிடம் இருக்கட்டும். அட்வான்ஸை நீட்டினால் அவருக்கு மறுக்க வராது, உங்களுக்கு வரும். சிகரெட் பழக்கம் இருந்தால் அதில் பேரமே கிடையாது. எவ்வளவு நேரம் நிற்கலாம், ஆடலாமா என்று முதல் மேடைக்கு முன்பே இதய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஸ்டென்ட்டுக்குக் கொடுத்த மாத்திரையை 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று அவராக நிறுத்தினால் ஆபத்து.

அப்புறம் ஒன்று. அதே 1984 ஏப்ரலில் டாமி கூப்பர் என்ற இன்னொரு காமெடியன், லண்டனில் டி.வி. நேரலையில் மேடையிலேயே சரிந்தார். அதுவும் ஜோக்தான் என்று அரங்கமே சிரித்தது. உங்கள் கணவர் நெஞ்சைப் பிடித்தாலும் கூட்டம் விசிலடிக்கத்தான் செய்யும். கூட நடிப்பவரோடு ஒரு அடையாள வார்த்தை பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் பெயராகவே இருக்கட்டும். அதை அவர் சொன்ன நிமிஷம் மைக்கை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.