வழக்கொழிந்த நிரற்கூற்றுகள்: கேள்வி பதில்

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய நிரலில் பொருளற்றதாகத் தோன்றும் வரியைக் கண்டால், அது எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதை அழிக்காதீர்கள். இதை இன்று பல முறை சொல்ல நேரும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

கேள்வி: பழைய ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் மாறியின் பெயர் ஆறு எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்றும், கூற்று 72-ஆம் நெடுவரிசையோடு முடிய வேண்டும் என்றும் ஏன் வைத்தார்கள்?

பதில்: ஜான் பேக்கஸின் குழு 1957-இல் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான், ஐபிஎம் 704 என்ற இயந்திரத்துக்காக எழுதப்பட்டது. அதன் நினைவகச் சொல் 36 பிட் நீளமுடையது. ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆகவே ஒரு பெயர் ஒரு சொல்லுக்குள் அடங்க வேண்டுமானால் ஆறு எழுத்துதான். அதன் அட்டைப் படிப்பான், துளையட்டையின் ஒவ்வொரு கிடை வரிசையையும் இரண்டு சொற்களாகப் படித்தது. இரண்டு முப்பத்தாறு எழுபத்திரண்டு. எஞ்சிய எட்டு நெடுவரிசைகளில் வரிசை எண்ணைத் துளையிட்டுக்கொண்டால், அட்டைக் கட்டு கைதவறிச் சிதறினாலும் மீண்டும் அடுக்கிவிடலாம்.

கேள்வி: ஃப்ரீக்வன்சி என்றொரு கூற்று இருந்ததாமே? அது என்ன செய்தது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு நிபந்தனையின் ஒவ்வொரு கிளையும் ஏறக்குறைய எத்தனை முறை தேர்ந்தெடுக்கப்படும் என்ற ஊகத்தை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிக்கு நிரலாளரே சொல்லும் கூற்று அது. 704-இல் சுழற்சிகளை எண்ண உதவும் சுட்டுப் பதிவகங்கள் மூன்றே இருந்தன. அவற்றை எந்தச் சுழற்சிக்கு ஒதுக்குவது என்பதைப் பொறுத்து நிரலின் வேகம் பெரிதும் மாறியது. எனவே தொகுப்பி, நிரலாளர் கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு, நிரலின் ஓட்டத்தைச் சமவாய்ப்பு எண்களால் தானே போலியாக நடத்திப் பார்த்து (மான்டி கார்லோ முறை என்று இன்று எல்லாரும் அறிந்ததுதான்), எந்தப் பகுதி அதிகம் ஓடும் என்று கணக்கிட்டுப் பதிவகங்களைப் பங்கிட்டது. அந்தக் காலத்துத் தொகுப்பியை எளிய மொழிபெயர்ப்பி என்று எண்ணுவோர் இதை அறிந்தால் வாய்மூடிப் போவார்கள். ஆனால் தம் நிரல் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்று ஊகிப்பதில் நாம் எல்லாருமே கெட்டிக்காரர்கள் அல்லர், கூற்றும் வழக்கொழிந்தது. இன்றைய தொகுப்பிகள் அதே தகவலை, நிரலை ஓடவிட்டு அளந்து பெறுகின்றன.

கேள்வி: சென்ஸ் லைட்?

பதில்: இயக்குமேடையில் இருந்த நான்கு விளக்குகள். நிரல் அவற்றை ஏற்றலாம், அணைக்கலாம். எரிகிறதா என்று சோதித்தால், சோதித்த உடனே விளக்கு அணைந்துவிடும். அருகிலிருந்த ஆறு சென்ஸ் சுவிட்சுகளை மனிதர் கையால் போட, நிரல் அவற்றைப் படித்து வழி மாறும்.

கேள்வி: ஒரு முற்றுப்புள்ளியால் மரைனர் விண்கலம் அழிந்தது என்ற கதை உண்மைதானே?

பதில்: இல்லை. பழைய ஃபோர்ட்ரானில் இடைவெளிக்கு மதிப்பில்லை; ஆகவே ‘டூ 10 ஐ = 1,10’ என்ற சுழற்சியில் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்ற புதிய மாறிக்கு 1.10 என்ற மதிப்பைக் கொடுக்கும் கூற்றாக அது மாறிவிடும். அதுவரை சரி. அத்தகைய பிழை மெர்குரித் திட்டத்தின் நிரல் ஒன்றில் இருந்து, கேடு விளையும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. 1962 ஜூலை 22 அன்று ஏவப்பட்ட மரைனர் 1-இன் கோளாறு வேறு. வழிகாட்டும் சமன்பாட்டில் ஒரு குறியின் தலைமேல் இருக்க வேண்டிய கோடு நிரலுக்குப் பெயர்க்கும்போது விடுபட்டது.

கேள்வி: கணித இஃப் கூற்றுக்கு ஏன் மூன்று கிளைகள்? 704-இல் சிஏஎஸ் என்ற மும்முனை ஒப்பீட்டுக் கட்டளை இருந்ததால் அப்படியே மொழிக்கும் வந்தது என்று படித்தேன்.

பதில்: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். சிஏஎஸ் கட்டளை, திரட்டியில் (கணக்கின் விடை தங்கும் பதிவகத்தில்) உள்ள எண்ணை நினைவகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, திரட்டி பெரிதானால் அடுத்த கட்டளைக்கும், சமமானால் ஒன்றைத் தாண்டியும், சிறிதானால் இரண்டைத் தாண்டியும் செல்லும். இஃப் கூற்றோ ஒரே ஒரு கோவையை மதிப்பிட்டு, அது குறையெண்ணா, சுழியமா, மிகையெண்ணா என்று மட்டும் பார்க்கும். இரண்டுக்கும் சாயல் ஒற்றுமை உண்டு. அதற்குமேல் உறவு சொல்ல முடியாது.

கேள்வி (அதே அன்பர்): மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. சுழியத்தை நினைவகத்தில் வைத்து அதனோடு சிஏஎஸ் செய்தால் அதே மும்முனைச் சோதனைதானே?

பதில்: அன்று இந்த வாதத்தை நானும் செய்திருக்கிறேன். 704 எண்ணின் குறியையும் அளவையும் தனித்தனியே வைத்திருந்த இயந்திரம். எனவே அதில் பிளஸ் சுழியம், மைனஸ் சுழியம் என இரண்டு சுழியங்கள் உண்டு. சிஏஎஸ் கட்டளையின் கணக்கில் பிளஸ் சுழியம் மைனஸ் சுழியத்தைவிடப் பெரியது. ஆகவே கோவையின் மதிப்பு மைனஸ் சுழியமாக வந்தால், நீங்கள் சொல்லும் வழியில் நிரல் குறையெண்ணுக்கான கிளையில் போய் விழும். சமன் என்று எழுதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சுழியமா என்று சோதித்துத் தாவும் தனிக் கட்டளையோ குறியைப் பார்ப்பதில்லை. முதலில் அதை வைத்து, பிறகு குறியைச் சோதித்துத் தாவினால் கூற்றின் பொருள் பிசகாமல் கிடைக்கும்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் இரண்டு எண்களை ஒப்பிட என்ன செய்தார்கள்?

பதில்: ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, விடையைச் சோதித்தார்கள், வேறு வழியே இல்லை. கழித்தலில் விடை சொல்லுக்குள் அடங்காமல் மிகைவழிவு நேர்ந்தால் ஒப்பீடே தவறாகும். பெரிதா, சமமா என்று நேரடியாகக் கேட்கும் தருக்க இஃப் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது. மும்முனை இஃப்பை 2018-ஆம் ஆண்டுத் தரநிலை ஒரேயடியாக நீக்கிவிட்டது.

கேள்வி: லிஸ்ப் மொழியின் கார், குடர் என்ற பெயர்களும் 704-இலிருந்து வந்தவையா?

பதில்: ஆம். அதன் சொல்லில் முகவரிப் பகுதி, டிக்ரிமென்ட் பகுதி என 15 பிட் கொண்ட இரு பகுதிகள் இருந்தன. பெயர்கள் அவற்றின் சுருக்கம்.

கேள்வி: மரைனர் விபத்துக்கு ஃபோர்ட்ரான் காரணமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: கோபோல் மொழியின் ஆல்டர் கூற்றை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

பதில்: (கோபால் என்று எழுதினால் ஆளின் பெயராகிவிடுவதால் நானும் கோபோல் என்றே எழுதுகிறேன்.) ஒரு பத்தியில் உள்ள தாவும் கூற்று எங்கே தாவ வேண்டும் என்பதை, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறோர் இடத்திலிருந்து மாற்றிவிடும் கூற்று அது. ‘அ-வுக்குப் போ’ என்று தாளில் அச்சாகியிருக்கும். நிரலோ ஆ-வுக்குப் போய்க்கொண்டிருக்கும். 1985-ஆம் ஆண்டுத் தரநிலை அதை வழக்கொழிந்தது என்று குறித்தது, 2002-இல் நீக்கினார்கள். இப்படிப்பட்ட நிரல் கையில் கிடைத்தால் என் எச்சரிக்கையை நினைவில் கொள்ளுங்கள்: யாரும் வந்து சேராத பத்தி போலத் தெரிவது, ஆல்டர் வழியாக வந்து சேரும் பத்தியாக இருக்கலாம்.

கேள்வி: ஃபோர்ட்ரானில் 3 என்ற எண்ணின் மதிப்பையே மாற்ற முடியும் என்பது வேடிக்கைக்குச் சொல்வதா?

பதில்: வேடிக்கை இல்லை. துணைநிரலுக்கு மதிப்பை அனுப்பாமல் முகவரியை அனுப்பிய தொகுப்பிகள் பலவற்றில், 3 என்ற மாறிலியை அனுப்பி, துணைநிரல் தன் அளபுருவில் 4 என்று எழுதினால், அதன்பின் நிரல் நெடுகிலும் 3 என்றால் 4தான். இரண்டு நாள் இதற்குப் பலியானவன் நான்.

கேள்வி: ஐபிஎம் 650-இல் ஒவ்வொரு கட்டளையும் அடுத்த கட்டளையின் முகவரியைத் தாங்கி நின்றது வீண் அல்லவா?

பதில்: சுழலும் உருளையே அதன் முதன்மை நினைவகம், நிமிடத்துக்கு 12,500 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 4.8 மில்லி விநாடி. அடுத்த கட்டளை அடுத்த இடத்திலேயே இருந்தால், முந்தையதை முடிப்பதற்குள் அது படிக்கும் தலையைக் கடந்துவிடும். முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டியதுதான். எனவே கட்டளைகளைத் தக்க இடைவெளி விட்டு உருளையில் சிதறவிட்டார்கள்; சோப் என்ற அசெம்பிளர் அந்த வேலையைத் தானே செய்தது. கட்டளைகள் கலைந்து கிடக்கின்றனவே என்று முகவரி வரிசையில் அடுக்கித் திருத்திவிடாதீர்கள். ஆம், அதே எச்சரிக்கைதான்.

கேள்வி: மெயின்பிரேம் வேலைக்கு இப்போது எதைப் படிக்கலாம்?

பதில்: பணியில் இருப்பவர்களைக் கேளுங்கள், நான் இறந்துபோன கூற்றுகளுக்கு மட்டும்.

கேள்வி (சிஏஎஸ் அன்பர்): 704-ஐப் போல நடிக்கும் போலியாக்கியில் மைனஸ் சுழியத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். குறையெண் கிளைக்குத்தான் போனது.

பதில்: நன்று. இப்போது அதே எண்ணை, சுழியச் சோதனைக் கட்டளையை முதலில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.