பல்லேகலையிலிருந்து வரும் தம்பிக்கு ஒரு ஐடென்டி

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு வயது 31. கசிப்பு (கள்ளச்சாராய) வழக்கில் போட்ட தண்டப்பணத்தைக் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவன், அடுத்த மாதம் பல்லேகலைச் சிறையிலிருந்து வெளியே வருகிறான். அவனிடம் ஐடென்டி, அதாவது தேசிய அடையாள அட்டை, இல்லை. முன்பு எடுத்திருந்தான், பிடிபட்ட நேரத்தில் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழும் வீட்டில் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடவும் கொழும்பில் கட்டட சைட் வேலைக்கும் ஐடென்டி கேட்கிறார்கள். மாமா மகனுடையதைக் கொண்டு போகட்டும், இரண்டு பேரும் ஒரே சாயல்தானே என்கிறார் அம்மா. ஜெயிலுக்குப் போனவனுக்குப் புது அட்டை கொடுப்பார்களா? இத்தனை நாள் எங்கே இருந்தான் என்று கிராம சேவகர் கேட்டால் என்ன சொல்வது?
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அந்த மாமா மகன் யோசனையை முதலில் அடுப்பில் போடுங்கள். அடுத்தவர் அட்டையைக் காட்டுவது குற்றம். இப்போதுதான் உள்ளேயிருந்து வருகிறவனை மறுபடி அங்கேயே அனுப்ப இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. பிடிபடாமலே இருந்தாலும் நட்டம் அவனுக்குத்தான். பிரதேச செயலகத்தில் நான் கவுண்டரில் இருந்த காலத்தில் ஒருவர் வந்தார். ஒன்பது வருடம் அண்ணனின் அட்டையைக் காட்டி வேலை செய்தவர். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கப் போனால் காசு முழுவதும் அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் செத்து மூன்று வருடமாகிறது, அண்ணியோடு பேச்சுவார்த்தை இல்லை. சீமெந்தில் வெடித்த இரண்டு கையையும் மேசையில் வைத்து, "வேலை செஞ்சது இந்தக் கைதானே மிஸ்" என்றார். என்னால் ஒன்றும் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

புது அட்டை கொடுப்பார்கள். படிவத்தில் பெயர், பிறந்த திகதி, முகவரி, தொழில், பிறப்புச் சான்றிதழ் விபரம் கேட்பார்கள். ஜெயிலுக்குப் போனாயா என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஆனால் அவன் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கையெழுத்துக்கும் போட்டோவுக்கும்தான் அவன் வேண்டும். மற்றதில் பெரும்பகுதியை நீங்கள் இந்த ஒரு மாதத்தில் முடிக்கலாம். அட்டை இல்லாமல் சும்மா இருக்கும் முதல் இரண்டு மாதம்தான் பொல்லாதது. வேலை இல்லை, ஒரு சிம்கூட வாங்க முடியாது, பழைய கூட்டாளிகள் மட்டும் ஐடென்டி கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள்.

முதலில் பழைய அட்டை எங்கே என்று தேடுங்கள். பிடித்த பொலிஸில் இருக்கலாம், வழக்குக் கோவையோடு நீதிமன்றத்தில் கிடக்கலாம், சிறையில் அவனுடைய சட்டை, பர்ஸோடு கட்டி வைத்திருக்கவும் கூடும். அடுத்த முறை பார்க்கப் போகும்போது சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரைக் கேட்டுச் சந்தியுங்கள். நம் ஆட்கள் பிஸ்கட் பக்கட்டைக் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். கைதி வெளியே போய்ப் பிழைக்க வழி பார்ப்பது அந்த உத்தியோகத்தரின் வேலை, பயப்படாமல் கேளுங்கள். நீதிமன்றத்தில் இருக்கிறதென்றால் சட்டத்தரணி மூலம் ஒரு மோஷன் (மனு) போட்டுக் கேட்க வேண்டும். (அமெரிக்காவில் 2018ல் வந்த ஒரு சட்டம், மத்திய அரசுச் சிறைகளிலிருந்து வெளியேறுகிறவருக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுக்க சிறை நிர்வாகமே உதவ வேண்டும் என்கிறது. இங்கே அந்த வேலை அக்கா தங்கச்சிமார் தலையில்.)

கிடைக்கவில்லையென்றால் இலக்கமாவது வேண்டும். வீட்டில் உள்ள அடகுச் சீட்டுகளைப் பாருங்கள். தோடு வைத்தவன் அவனென்றால் இலக்கம் அதில் இருக்கும். வங்கிப் புத்தகம், ஈ.பி.எஃப். தாள்களையும் தேடுங்கள். பழைய முறை இலக்கமென்றால் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். சீட்டில் இருப்பது தம்பியுடையதா உங்களுடையதா என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியை எடுக்க அவன் வர வேண்டியதில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இப்போது நோர்வூட் பிரதேச செயலகம். அவன் பிறந்தபோது அது அம்பகமுவையோடு இருந்தது. நோர்வூட்டில் இல்லை என்றால் சோர்ந்து திரும்பாமல் அம்பகமுவைச் செயலகம் இருக்கும் கினிகத்தேனைக்குப் போய்க் கேளுங்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் பிறந்தானா, லயத்து வீட்டிலேயே பிறந்தானா, அப்போது எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். பதிவே இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் கொடுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழைக் கேட்க அது வேண்டும்.

கையில் கிடைத்ததும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வீட்டில் செல்வகுமார் என்று கூப்பிடுகிற பிள்ளை பதிவில் செல்லக்குமாராக இருப்பான், அப்பா பெயர் வேறு எதுவாகவோ இருக்கும். அட்டைக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் அலைச்சல். தாள் இல்லாததற்கு உங்கள் அம்மாவை ஏசாதீர்கள். 1948ல் நம் மலையகத் தமிழ் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். குடியுரிமை கிடைக்காமல் மிச்சம் இருந்தவர்களுக்கு அதற்கு வழி பிறந்தது 2003ல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். எதற்கும் உதவாத தாளை யார் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்?

தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். இங்கேதான் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது. வெட்கப்பட்டுக்கொண்டு, போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் தொலைந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் திகதியில் அவன் அரசாங்கத்தின் பூட்டுக்குள் இருந்தான். பிடிபட்ட நேரத்தில் தவறியது, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதே முறைப்பாடாக இருக்கட்டும். கிராம சேவகரிடமும் அதையே சொல்லுங்கள். ஒரு காம்பராவில் (அறையில்) கருவாடு பொரித்தால் லயம் முழுக்க மணக்கிற ஊரில் அவருக்கு மட்டும் தெரியாதா என்ன? அவர் உறுதிப்படுத்தப் போவது ஆளையும் முகவரியையும்தான். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் துரையும் (தோட்ட மேலாளரும்) கையெழுத்து வைக்கலாம். ஆனால் அங்கே போனால் இங்கே, இங்கே போனால் அங்கே என்று பந்தாடுவார்கள். அப்படிச் செய்தால், எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கேளுங்கள்.

போட்டோவை, அட்டை கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் தரும் ரசீதைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுங்கள். வந்த அன்றைக்கே அவனை அங்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கட்டும், முடி வெட்டிக்கொள்ளட்டும். அந்த முகத்தைத்தான் அவன் இனி போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும்.