அப்பாவின் கை நடுங்குது, ஸ்கான் நோர்மல்: குளிசையைத் தொடங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சும்மா இருக்கும்போது வலது கை நடுங்குது, நடையும் மெதுவாகிவிட்டது. பார்க்கின்சன் என்று டொக்டர் குளிசை எழுதித் தந்தார். ஆனால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூளை நோர்மல் என்று இருக்கு. கொழும்பில் இன்னொரு ஸ்கான் எடுத்த பிறகு குளிசை போடலாம் என்கிறார் அண்ணா. என்ன செய்யலாம்? (மகள், கோப்பாய்)

பதில்: இன்னொரு ஸ்கானுக்காகக் குளிசையைத் தள்ளிப்போடாதீர்கள். பார்க்கின்சன் உள்ள பெரும்பாலானோருக்கு வழக்கமான எம்.ஆர்.ஐ. நோர்மலாகத்தான் வரும். உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனத்தை நடுமூளையில் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிவதால் வரும் நோய் இது. அந்த அழிவு அந்தப் படத்தில் தெரியாது. பிறகேன் எடுக்கச் சொன்னார்கள்? மூளைக்கட்டி, பழைய பக்கவாதம், மூளைக்குள் நீர் கூடுவது எல்லாம் நடையை இதே மாதிரிக் குழப்பும். அவை இல்லை என்று தெரிந்துவிட்டது. செலவழித்த காசு வீண்போகவில்லை.

நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் பரிசோதனைதான். ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்தது 1817இல். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895இல். வீட்டிலேயே கவனியுங்கள்: கையை மடியில் வைத்தபடி 100இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னால் நடுக்கம் கூடும். தேத்தண்ணிக் கோப்பைக்குக் கை நீட்டியதும் குறையும். பெருவிரலில் சுட்டுவிரலைத் தட்டச் சொன்னால் தட்டத் தட்ட வீச்சு சுருங்கும்.

அண்ணா சொல்வது டாட்ஸ்கானாக இருக்கலாம். டோபமின் நரம்பு முனைகளைக் கதிரியக்க மருந்தால் காட்டும் படம் அது. சுகமான மூளையில் இரு பக்கமும் கால்புள்ளி மாதிரித் தெரிவது, பார்க்கின்சனில் வால் மங்கி முற்றுப்புள்ளியாகிவிடும். பரம்பரையாக வரும் சாதாரண நடுக்கமா, மருந்தால் வந்த நடுக்கமா என்று வைத்தியருக்கே சந்தேகம் இருந்தால்தான் அது உதவும். அறிகுறி தெளிவாக இருந்தால் அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை.

அதைவிட அவசரமானது, அப்பா ஏற்கெனவே போடும் குளிசைகள். தலைச்சுற்றுக்குத் தரும் சினரிசின், வாந்திக்கான மெற்றோகுளோப்பிரமைட், மனநோய்க்கான ஹலோபெரிடோல் எல்லாம் பார்க்கின்சன் போலவே நடுக்கமும் இறுக்கமும் தரும். தனியாரிடம் வாங்கியதையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய், புதுக் குளிசை தொடங்கமுன் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்கான் அவசரமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. நீரிழிவுள்ள ஒருவருக்குத் திடீரென ஒரு பக்கக் கையும் காலும் தன்பாட்டில் வீசி ஆடினால் அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பக்கவாதமாக இருக்கலாம், இரத்தத்தில் சீனி எக்கச்சக்கமாகக் கூடியுமிருக்கலாம். சீனியால் என்றால் மறுபக்க மூளையின் ஆழத்தில் எம்.ஆர்.ஐ. வெள்ளையாகக் காட்டும். சீனி இறங்கினால் பெரும்பாலும் ஆட்டமும் அடங்கும். இளம் பிள்ளைகளுக்கு நடுக்கம் வந்தால் செம்பு தேங்கும் வில்சன் நோயையும் தேடவேண்டும். அதற்கு மருந்து உண்டு, பிந்தக் கூடாது.

எங்கள் பகுதியில் இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருப்பவர்கள், காயம் ஆறி முப்பது வருடமானாலும், எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகமுன் சொல்லிவிடுங்கள். கண்ணிலோ இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ உள்ள இரும்பை அந்தக் காந்தம் அசைத்துவிடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் சி.ரி. ஸ்கானோடு நிறுத்துவார்கள்.

அப்பா நடப்பதையும் கை நடுங்குவதையும் குளிசை தொடங்கமுன் ஒருமுறையும், சில கிழமை கழித்து ஒருமுறையும் ஃபோனில் எடுத்து கிளினிக்கில் காட்டுங்கள். எழுதித் தந்தது லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) என்றால், அதற்கு நல்ல பலன் தெரிவதே பார்க்கின்சனுக்கு வலுவான சான்று.