டிலே பெடலை அணைத்ததும் எதிரொலி அறுபடாமல் இருக்க

களியக்காவிளை சர்ச் குவயரில் வாசிக்கும் நீங்கள் கேட்டது: எதிரொலி உண்டாக்கும் பிடி2399 சிப் உள்ள கிதார் டிலே பெடலை மிதித்து அணைத்தால் கடைசி எதிரொலி சட்டென்று அறுந்துபோகிறது, தேய்ந்து அடங்க வைக்கலாமா? வைக்கலாம்.

இப்போதுள்ள ஒன்பது கால் (மூன்று வரிசை) சுவிட்ச் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்தால் கிதார் ஒலி போர்டைத் தொடாமல் நேராக வெளியே போகும். போர்டின் அவுட்புட்டையே துண்டிப்பதால், சிப்புக்குள் எதிரொலி ஓடினாலும் ஆம்புக்கு வராது. ஆகவே இன்புட், அவுட்புட் ஜாக்குகளை நேராகப் போர்டில் பற்றவையுங்கள். இன்புட் ஆப்-ஆம்பிலிருந்து (உள்ளே வரும் ஒலியை முதலில் வாங்கும் பெருக்கி) பிடி2399 சிப்பின் 16-ஆம் காலுக்குப் போகும் பாதையில், கப்ளிங் கெபாசிட்டரின் (டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விடுவது) ஆப்-ஆம்ப் பக்கக் காலைத் தூக்கி, அந்த இடைவெளியில் சுவிட்சின் ஒரு வரிசையை வையுங்கள். எல்இடி விளக்குக்கான வரிசை அப்படியே இருக்கட்டும், மூன்றாவது வரிசை வேண்டாம்.

பலர் இதோடு நிறுத்திவிட்டு, மிதிக்கும்போதெல்லாம் வரும் 'டப்' சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். தூக்கிய காலிலிருந்து ஆப்-ஆம்பின் பயாஸ் புள்ளிக்கு (ஒலி இல்லாதபோது அது நிற்கும் வோல்டேஜ்; 9 வோல்ட்டில் ஓடும் ஆப்-ஆம்ப் என்றால் சுமார் 4.5 வோல்ட்) 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கிரவுண்டுக்கு அல்ல, சுவிட்சின் இருபுறமும் ஒரே வோல்டேஜ் நின்றால்தான் சத்தம் அடங்கும்.

சுவிட்ச் காலில் 3 விநாடிக்கு மேல் சூடு வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகிவிடலாம். ரிப்பீட் குமிழை முழுதாகத் திருப்பியிருந்தால், அணைத்த பிறகும் எதிரொலி ஓயாது. இனி ட்ரூ பைபாஸ் இல்லாததால், பெடலுக்குக் கரண்ட் வராமல் நின்றால் கிதார் ஒலியே வராது. ஆராதனைக்கு இன்னொரு அடாப்டர் கையில் இருக்கட்டும்.